முன்சில்லு சொன்ன சேதி

நிஷாந்தினியை நாம் கடைசியாகப் பார்த்தது வைத்தியரின் அறை வாசலில். ஆறு மாதத்துக்குப் பிள்ளையைத் தூக்கவே கூடாது, முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது என்று அவர் படம் கீறி விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில், ஒன்றே முக்கால் வயது டிலக்சியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அதே கிழமையில்தான் வேலைக் கடிதமும் வந்தது. கண்டி நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம். அவர்கள் குடியிருந்த மஹய்யாவயில் கூரை தகரம் என்பதால் சத்தமும் சேர்ந்து வந்தது.

மாமியார் பேச்சியம்மா மகளின் பிரசவத்துக்கு ஹட்டனுக்குப் போய்விட்டாள். தைப் பொங்கலுக்கு முன் திரும்ப மாட்டாள். ஆகவே டிலக்சி, அம்பிட்டிய ஏற்றத்தின் தொடக்கத்தில் உள்ள பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். மஹய்யாவயிலிருந்து பஸ், பிறகு ஏரிக்கரை ஓரமாக நடை. தூக்கக்கூடாத பிள்ளையோடு. அப்படியென்றால் பஸ்ஸுக்குள் மடித்து வைக்கக்கூடிய ஒரு தள்ளுவண்டி வேண்டும். மடிகிற வண்டிகள் எல்லாம் சின்னதாக, மூன்று சில்லில் உருள்பவையாக இருந்தன.

அங்கேதான் மாமனார் வீரையா குறுக்கே வந்தார்.

"நாலு சில்லுன்னா வாங்குங்க. மூணு சில்லு வண்டி நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படி ஏறாது."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீரையா ஏன் என்று கேட்கப்படுகிற ஆள் இல்லை. ஓய்வுபெற்ற ஓவசியர். திருவிழாக் குழுத் தலைவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலில் முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புச் சப்பாத்து. முடிவெட்டப் போனாலும் அந்தச் சப்பாத்துதான். அவர் மேற்பார்வை இல்லாமல் அந்த வீட்டில் ஒரு தேங்காய் உடைந்ததில்லை.

நிஷாந்தினி புருஷனைப் பார்த்தாள். அஜந்தன் தொலைபேசியைப் பார்த்தான்.

*

சனிக்கிழமை காலை மூவரும் டிலக்சியோடு வண்டி வாங்க அக்குறணைக்குப் புறப்பட்டார்கள். படியிறங்கும்போது பிள்ளை அஜந்தனின் தோளில் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த வீரையா, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். திருவிழா அழைப்பிதழின் அச்சுப் படிவம். இன்று மாலை ஆறு மணிக்குள் திருத்திக் கொடுத்தால்தான் அச்சகத்தில் ஏற்றுவார்கள். சுவாமியின் பெயர் அதில் ஒரு வரி. வீரையாவின் பெயருக்குக் கீழே மூன்று வரி.

"ஓய்வுபெற்ற மாநகர மேற்பார்வையாளர். முப்பது வருட நிருவாக சேவை" என்று அவர் மெல்ல வாசித்தார். "அஜந்தா, 'நிருவாக'வா, 'நிர்வாக'வா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்பா."

"ஒண்ணுன்னா எதுக்குடா ரெண்டு இருக்கு?" பேனா மூடியைக் கழற்றினார். யோசித்தார். 'சமூகச் செம்மல்' என்று நாலாவது வரி ஒன்றை ஓரத்தில் எழுதினார். அதையும் ஒருதரம் வாசித்துப் பார்த்தார். பிடித்திருந்தது போலும், பேனாவை மூடினார்.

அப்பாவுக்கு அழைப்பிதழ் என்றால் மகனுக்கு வீடியோ. இந்த ஒரு கிழமையில் அஜந்தன் நாற்பத்திரண்டு ஸ்ட்ரோலர் வீடியோக்களைப் பார்த்து முடித்திருந்தான். பல்லேகலை ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவில் வேலை. ஆனால் பேச்சு முழுக்க இப்போது சஸ்பென்ஷன், ஃபைவ் பொயின்ட் பெல்ட், ஷொக் எப்சோபர்.

"நிஷா, வண்டி வாங்கும்போது மூணு விஷயம் பார்க்கணும்."

"என்னாங்க?"

"அத கடையில சொல்றேன்."

*

ஹபீல் என்பவரின் பிள்ளை வண்டிக் கடைக்குள் நுழைந்ததும் நிஷாந்தினி நின்றுவிட்டாள்.

இவ்வளவு வண்டிகளை அவள் ஒரே இடத்தில் கண்டதில்லை. சுவரோரம் வரிசையாக நின்றன. சில கூரையிலிருந்து வெளவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கின. இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி ஒன்று. ஒன்றில் பால்போத்தலுக்குத் தனி வீடு. இன்னொன்றின் குடையில் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கும் ஒரு திரைச்சீலை. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்கு அப்படி ஒரு திரைச்சீலை இருந்ததில்லை.

"வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க" என்றார் ஹபீல். "மகள் கெட்டிக்காரி போல ஈக்காளே, கடையைப் பாத்ததும் அழுகைய நிப்பாட்டிட்டா."

உண்மைதான். டிலக்சியும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பிள்ளையும் ஒரே முகத்தோடு நின்றார்கள்.

அஜந்தன் நேராகப் போய் நின்ற இடத்தில் 'ராயல்' இருந்தது. நாலு பெரிய சில்லு. கறுப்புத் தோல் கைப்பிடி. பக்கவாட்டில் தங்க நிறத்தில் ஒரு கிரீடம். கலியாண மாப்பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளினாலும் தாங்கும் போலிருந்தது.

"இதுதாம்பா. லண்டன்ல இதத்தான் பாவிக்கிறாங்க."

வீரையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ராயலை ஒரு சுற்று சுற்றி வந்தார். கிரீடத்தைத் தொட்டார்.

"கௌரவமா இருக்கு" என்றார்.

நிஷாந்தினி ஹபீலை அண்ணன் முறை வைத்து மெதுவாகக் கேட்டாள்: "இது மடியுமா, ஹபீல் நானா?"

"மடியும் மடியும். ஆனா ரெண்டு பேர் வேணும். சில்லு நாலையும் களட்டணும்."

"பஸ்ல ஏத்தலாமா?"

ஹபீல் அஜந்தனைப் பார்த்தார், வீரையாவைப் பார்த்தார், வியாபாரத்தைப் பார்த்தார். மனச்சாட்சியும் உள்ள மனிதர். "ஷஹ்மா!" என்று உள்ளே கூப்பிட்டார். "அந்தச் சின்னத எடுத்துட்டு வாங்க."

கல்லூரிக்குப் போகும் வயது மகள், ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் ஒரு சாம்பல் நிறப் பையுமாக வந்தாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. பையைத் தரையில் நிறுத்தி, ஒரு பொத்தானை அமத்தி, லேசாக ஓர் உதறு உதறினாள்.

பை எழுந்து நின்றது.

கால் முளைத்தது, முதுகு முளைத்தது, தலைக்குமேல் குடை விரிந்தது. பின்னால் இரண்டு சில்லு, முன்னால் ஒரு குட்டிச் சில்லு. கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வருவதற்குக்கூட இதைவிட நேரம் எடுக்கும். ஷஹ்மா ஒரு வாய் தேநீர் குடித்தாள். மறுபடி பொத்தானை அமத்தினாள். வண்டி மூன்று மடிப்பாக உட்கார்ந்து பையாகிவிட்டது. கோப்பையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இன்னொருக்கா செய்ங்க தங்கச்சி" என்றாள் நிஷாந்தினி.

ஷஹ்மா இன்னொருக்கா செய்தாள். பிறகு நிஷாந்தினியின் கையைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தாள். அவள் கைக்குள்ளேயே வண்டி எழுந்தது. இருபத்தேழு வயதில், பிள்ளை பெற்ற நாளைத் தவிர, தன் கையால் இப்படி ஓர் அதிசயம் நடந்ததாக நிஷாந்தினிக்கு நினைவில்லை.

"மாமா..." என்று திரும்பினாள்.

வீரையா வண்டியைப் பார்க்கவே இல்லை. பார்வை முன்னால் இருந்த அந்தக் குட்டிச் சில்லில் ஒருகணம் பட்டு, உடனே ராயலின் கிரீடத்துக்குத் திரும்பிவிட்டது.

"அது மூணு சில்லு" என்றார். "அஜந்தா, பெரியதுல புள்ளய வச்சு ஒருக்கா ஓட்டிப் பாரு."

*

கடை வாசலில் நடைபாதை. நடைபாதை என்றால் சாக்கடைக் கானுக்கு மேல் போட்ட கொங்கிரீட் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ளங்கை அகல இடைவெளி. அதற்கப்பால் மாத்தளை வீதி. அதில் சனிக்கிழமைப் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

ராயலில் டிலக்சி ராணிபோல் உட்கார்ந்திருந்தாள். அஜந்தன் விளக்கம் சொல்லிக்கொண்டே தள்ளினான். "பாருங்க, கையே வைக்கத் தேவல்ல, தானாப் போகுது. இதுக்குப் பேருதான் சஸ்..."

முன்சில்லு இரண்டும் இடைவெளிக்குள் இறங்கின.

சஸ்பென்ஷன் அங்கேயே நின்றது. அஜந்தன் தள்ளினான். ராயல் மூக்கைத் தாழ்த்தியதே தவிர நகரவில்லை. இன்னும் ஊன்றித் தள்ளினான். இடது பின்சில்லு அந்தரத்தில் எழும்பியது. வண்டி வீதிப் பக்கம் சாய்ந்தது. ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி உரசுவது போல் போனது. டிலக்சி வீறிட்டாள். நாற்பத்திரண்டு வீடியோக்களில் ஒன்றில்கூடக் கான் இல்லை. எல்லாம் மேசைபோன்ற பூங்காக்கள்.

நிஷாந்தினி பாய்ந்து குனிந்தாள். இடுப்பில் மின்னல் வெட்டியது. பாதியில் அப்படியே நின்றுபோனாள். கை நீண்டிருக்கிறது, உடம்பு போகவில்லை.

"தள்ளாதடா! விடு!"

குரல் வந்த திசையை யாரும் பார்க்கும் முன்னே வீரையா கைப்பிடியில் இருந்தார். தள்ளவில்லை. கைப்பிடியைக் கீழே அமத்தினார், இடது பாதத்தைப் பின் அச்சில் வைத்தார், உடம்பைப் பின்னால் சாய்த்தார். ராயலின் மூக்கு எழும்பியது. அப்படியே இரண்டு எட்டுப் பின்னோக்கி வந்து, கால்மாற்றி, ஒரு வட்டம் போட்டு, பலகைகளைக் குறுக்காக வெட்டி, சத்தமில்லாமல் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து தாத்தாவைப் பார்த்தது.

எல்லாம் நாலு மூச்சு நேரம்தான். நிஷாந்தினி திறந்த வாயை மூடவில்லை. பையைத் திறந்து வண்டியாக்கிய ஷஹ்மாவின் வித்தை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓவசியர் மாமாவின் உடம்புக்குள் இருந்து வேறொரு மனிதன் எழுந்து நின்றிருந்தான். தோள் தாழ்ந்து, கால் அகன்று, தரையைக் காலாலேயே படிக்கத் தெரிந்த ஒரு மனிதன்.

அந்த மனிதன் இன்னும் அடங்கவில்லை. பிள்ளையைத் தூக்கி ஷஹ்மாவிடம் கொடுத்தார். ராயலைச் சரித்து முன்சில்லைச் சுண்டிவிட்டார். அது கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. "ம்ஹும்" என்றார். அடுத்தது. "ம்ஹும்." அதற்கடுத்தது. வரிசையாக ஒவ்வொரு வண்டியாகக் கவிழ்த்துச் சுண்டிக்கொண்டே போனார். சாம்பல் நிறக் குட்டி வண்டியிடம் வந்ததும் நின்றார்.

அதையும் கவிழ்த்தார். சுண்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டது. கேட்பதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவு மெதுவான சத்தம். மழை ஓய்ந்தபின் தகரத்தில் மிஞ்சியிருக்கும் ஈரம்போல ஏதோ.

"இதுதான்" என்றார் வீரையா.

"அப்பா, அது மூணு..."

"எனக்கு எண்ணத் தெரியும்." நிமிராமலே பேசினார். "நாலு சில்லு நல்ல தரைக்குத்தான் சரி. நம்ம ரோட்டுல எப்பவும் ஒண்ணு அந்தரத்துல நிக்கும். அடுப்புக்கு ஏன் மூணு கல்லு வச்சாங்க? மூணு ஆடாது. பின்னால உள்ள ரெண்டும் பாரம் சுமக்கும், பேசாது. முன்சில்லுதான் பேசும். பள்ளம் எங்க, கல்லு எங்க, எல்லாத்தையும் கைக்குச் சொல்லிரும். இது நல்லாப் பேசுது."

ஹபீலுக்குப் புல்லரித்துவிட்டது. பதினெட்டு வருடமாக இதையெல்லாம் விற்கிற தனக்கே தெரியாத சங்கதி. "மாஷா அல்லாஹ்! ஐயாவுக்கு எப்பிடி இவ்வளவு தெரியும்?"

வீரையா நிமிர்ந்தார். தான் எங்கே நிற்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. வெள்ளைச் சட்டையில் சில்லின் கறுப்பு ஒரு கோடு போட்டிருந்தது.

"இருபத்தெட்டு வருஷம்" என்றார். "மூணு சில்லுதான்."

"ஓ! த்ரீவீல் ஓடினீங்களா? எந்த ஸ்டாண்ட்?"

வீரையா மருமகளைப் பார்த்தார். பேனாக்களைத் தொட்டார். பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஹபீலே கையில் தந்திருந்தார்.

"ஓடல்ல தம்பி. தள்ளுனேன்" என்றார். "குப்பை வண்டி. கண்டி டவுன் முழுக்க. ஓவசியராப் போட்டது கடைசி ரெண்டு வருஷம் மட்டுந்தான்."

வாசலில் இன்னொரு பஸ் போனது.

அஜந்தன் தலையைக் குனிந்திருந்தான். அவனுக்குத் தெரியும். 'அப்பா எங்க வேலை?' என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'ஆபீஸ்ல' என்று சொல்லப் பழக்கப்பட்டவன். மஹய்யாவ சனத்துக்கும் தெரியும். ஆனால் மஹய்யாவயில் மறதி என்பது ஒரு மரியாதை. தெரியாதவள் புசல்லாவையிலிருந்து கலியாணம் முடித்து வந்த நிஷாந்தினி ஒருத்திதான்.

முப்பதிலிருந்து இரண்டைக் கழித்தால் இருபத்தெட்டு. அழைப்பிதழில் இருந்த முழுச் சேவையும் அந்த ஒரு கழித்தலில் போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கணக்கு ஓடவில்லை. கண்டியின் ஏற்றங்கள்தான் ஒவ்வொன்றாக மனதில் எழுந்தன. வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும் வீதிகள். அவற்றில் பாரம் நிறைந்த ஒரு வண்டியை, மழையிலும், இருபத்தெட்டு வருடம்.

"மாமா," என்றாள், "எனக்கும் அப்பிடித் திருப்பச் சொல்லித் தருவீங்களா?"

வீரையா சட்டையில் விழுந்த கறுப்புக் கோட்டைத் தட்டிப் பார்த்தார். அது போகவில்லை.

*

கண்டி பஸ் நிரம்பி வந்தது. "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று கண்டக்டர் எல்லோரையும் முன்னால் நெருக்கிக்கொண்டிருந்தான். நிஷாந்தினி புதிதாக வாங்கிய சாம்பல் வண்டியின் பொத்தானை அமத்தினாள். வண்டி பையானது. ஏறி, காலுக்கிடையில் வைத்தாள்.

"அக்கா, பேக்ல என்ன? மரக்கறியா?"

"வண்டி" என்றாள். அவன் நம்பவில்லை.

மஹய்யாவ வந்ததும் இறங்கவில்லை. "திங்கக்கிழமைப் பாதைய ஒருக்காப் போய்ப் பார்த்துருவோம்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. அந்த வீட்டில் அவள் சொல்லி அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல்தடவை. அக்குறணையிலிருந்து இதுவரை வீரையாவின் அச்சுப் படிவம் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஏரிக்கரையில் பையை உதறி நிறுத்தினாள். டிலக்சியை அஜந்தன் உட்கார வைத்துப் பட்டி போட்டான், ஐந்து இடத்திலும். நிஷாந்தினி கைப்பிடியில் ஒரு கையை வைத்தாள். வண்டி நகர்ந்தது.

பத்து எட்டுப் போனபிறகுதான் அவளுக்கு அது புரிந்தது. மற்றக் கை சும்மா இருந்தது.

ஒன்றே முக்கால் வருடமாக அந்தக் கை சும்மா இருந்ததில்லை. பிள்ளை இல்லாவிட்டால் பை, பை இல்லாவிட்டால் குடை, எதுவும் இல்லாவிட்டால் பிள்ளையின் வழுக்கும் கால்சட்டை. இப்போது அது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வீசிப் பார்த்தாள். வீசியது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை வீசினாள். காற்று விரலிடுக்கில் புகுந்து போவதை உணர முடிந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஆண்கள் பிறந்த நாள் முதலே வீசிக்கொண்டு திரிகிறார்கள், ஒருத்தராவது சொன்னார்களா?

டிலக்சியின் சத்தமே இல்லை. நிஷாந்தினி பயந்து முன்னால் போய்ப் பார்த்தாள்.

பிள்ளை தூங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து உலகத்தை அம்மாவின் தோளுக்கு மேலால் பின்னோக்கியே பார்த்தவள். எல்லாம் அவளை விட்டு விலகிப் போய்க்கொண்டேயிருக்கும். இன்றுதான் எல்லாம் அவளை நோக்கி வந்தது. மரம் வந்தது. மரம் நிறைய நீர்க்காகங்கள் வந்தன. வெள்ளைச் சுவரின் இடுக்குகளுக்குள் தண்ணீர் மினுங்கி மினுங்கி வந்தது. கரையில் வெயில் காய்ந்த ஒரு கபரகொயா, ஆள் நீள நீருடும்பு, நாக்கை நீட்டியபடி வந்தது. டிலக்சி இரண்டு கையையும் உயர்த்தி ஒவ்வொன்றையும் வரவேற்றாள். தேரில் வரும் சாமிக்கு எல்லாம் இப்படித்தான் தெரியுமோ என்னவோ.

பராமரிப்பு நிலையத்து வாசல்வரை போய்த் திரும்பினார்கள். இருபத்து மூன்று நிமிடம். இடுப்பு ஒரு சொல் சொல்லவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல, சஸ்பென்ஷன்" என்றான் அஜந்தன்.

*

மாலை ஐந்து மணிக்கு மஹய்யாவயில் இறங்கி, வீட்டுக்குப் போகும் சந்தின் அடியில் வந்து நின்றார்கள். நின்றபிறகுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

நாற்பத்து மூன்று படி.

வீடு மேலே இருந்தது. பிறந்ததிலிருந்து அஜந்தன் ஏறி இறங்கிய படிகள். மூன்று வருடமாக நிஷாந்தினி ஏறி இறங்கிய படிகள். நாற்பத்திரண்டு வீடியோ பார்த்தவனும், பாதையை நிமிடக் கணக்காய் அளந்தவளும், மேற்பார்வையே தொழிலாய்க் கொண்டவரும் ஒரு கிழமையாய் யோசித்த விஷயத்தில் வீட்டு வாசல் மட்டும் விட்டுப்போயிருந்தது. காலில் ஒட்டிய செருப்பை யார் தேடுவார்கள்?

"இப்ப நான் தூக்கிட்டுப் போறேன்" என்றான் அஜந்தன்.

"திங்கக்கிழமை?"

அவன் ஐந்து மணிக்கே பல்லேகலை பஸ்ஸில் இருப்பான். திங்கள் மட்டுமல்ல, செவ்வாயும், புதனும். நிஷாந்தினி படிகளை அண்ணாந்து பார்த்தாள். ஏரி, மரம், வீசிய கை எல்லாம் முதற்படியிலேயே முடிந்துபோயின. கடிதத்தில் எட்டரை என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப என்ன எழுத வேண்டும் என்றுகூட அவள் மனம் தொடங்கிவிட்டது. டிலக்சி வண்டியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

மேலே ஜன்னல் ஒன்று திறந்தது. பக்கத்து வீட்டுச் சுகிர்தா. அவள் கண்ணுக்குத் தப்பி அந்தச் சந்துக்குள் காற்றும் நுழைந்ததில்லை.

"ஓவசியர் ஐயா! என்னா அது, புதுசா?"

இரண்டாவது ஜன்னலும் திறந்தது. மூன்றாவது. சனிக்கிழமை மாலை, எல்லோரும் வீட்டில்.

வீரையா சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். ஒன்று. மற்றது. காலுறைகளை உள்ளே திணித்துச் சோடியாய் அஜந்தன் கையில் கொடுத்தார். வெறுங்காலை முதற்படியில் வைத்து, விரல்களை விரித்து, ஊன்றிப் பார்த்தார்.

"வண்டி" என்று சந்துக்கே கேட்கச் சொன்னார். "என் பேத்தியோட வண்டி."

முதுகை மலைக்குக் காட்டித் திரும்பி நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். கீழே அமத்தி, பின்னால் சாய்ந்து, இழுத்தார். பின்சில்லு இரண்டும் படியின் விளிம்பில் ஒட்டி, உருண்டு, மேலே வந்தன. பிள்ளையின் தலை அசையவில்லை. இரண்டாவது படி. மூன்றாவது.

"புள்ள, பாத்துக்க" என்றார் நிஷாந்தினியிடம். "ஏத்தத்துல தள்ளக் கூடாது. இழுக்கணும். பாரம் உன் பக்கம் இருந்தா அது உன்னய விட்டுப் போகாது."

சுகிர்தா ஓடிவந்து முன்பக்கத்தைப் பிடிக்கப் போனாள்.

"விடு சுகிர்தா. முன்சில்ல யாரும் தொடக் கூடாது. எனக்குக் கேக்கணும்."

அவள் விலகி நின்றாள். ஒரு கிண்டல் வாய்வரைக்கும் வந்ததை நிஷாந்தினி பார்த்தாள். அது வெளியே வரவில்லை. படியோரமாய் நின்றவர்கள் ஒவ்வொருவராய்ச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். தேருக்கு விடுவதுபோல. சப்பாத்தைச் சுமந்துகொண்டு அஜந்தன் பின்னால் வந்தான், தன் வாழ்க்கையில் முதல்தடவையாக எந்த விளக்கமும் சொல்லாமல்.

நாற்பத்திரண்டாவது படியில் வீரையா நின்றார். வேர்வை கழுத்தில் வழிந்தது. அடுத்தது வாசற்படி. உயிரோடு இருக்கும்வரை மூன்று சில்லு ஏறாது என்று அவர் சொன்ன அதே வாசற்படி. சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்று நிஷாந்தினிக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஒரு மூச்சு எடுத்தார். இழுத்தார். வண்டி உள்ளே போனது.

தூங்கும் பிள்ளைமேல் குடையை இறக்கிவிட்டு, "திங்கக்கிழமை எத்தன மணிக்கு எறங்கணும்?" என்று கேட்டார்.

"ஏழுக்கு, மாமா."

"ஆறே முக்காலுக்கு ரெடியா இரு. எறக்கம் ஏத்தத்த விடக் கஷ்டம்."

பிறகு கதிரையில் உட்கார்ந்து, பையிலிருந்து அச்சுப் படிவத்தை எடுத்தார். முழங்காலில் வைத்து விரித்தார். பேனாவைத் திறந்தார். தன் பெயருக்குக் கீழிருந்த வரியின் மேல் நீளமாய் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே இன்னொரு கோடு. பிறகு ஏதோ எழுதினார். வாசலில் நின்ற நிஷாந்தினிக்கு எழுத்துத் தெரியவில்லை. அடித்தது நீளம், எழுதியது குறுக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

"அஜந்தா, இந்தா. பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் குடு."

அஜந்தன் வாங்கிப் படித்தான். முகம் வெளுத்தது.

"அப்பா, குப்பை வண்டின்னு போட்டா குழுவுல உள்ளவங்க..."

"போடச் சொல்லு."

அச்சகம் ஆறு மணிக்கு மூடும். மணி ஐந்தரை. ஒரு கையில் அப்பாவின் சப்பாத்தும் மறு கையில் அழைப்பிதழுமாக அஜந்தன் அந்த வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.